உங்கள் இலையில் சுண்டக்கறி

என் அன்புக்குரிய என்னங்க,

உங்கள் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கடையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சரி, 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது புதிதாகப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. பத்திரிகையிலும் அப்படியே போடச் சொல்லிவிட்டேன்.

பத்திரிகையில் இந்த இடத்தை முன்கூட்டியே பிடித்து வைத்தது உங்கள் தங்கை ருக்குமணிதான். முதல் வருஷத் திதியை ஒட்டி ஞாயிறு பதிப்பில் உங்களுக்கு நினைவஞ்சலி வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கோட்டுப் போட்ட படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே பண்பின் சிகரம், பாசத்தின் இமயம் என்று நாலு வரி. திதி முடிந்த கையோடு அந்த இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுத்துப் பேசும் நிலையில் அவள் இல்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இது அழுது எழுதும் கடிதம் இல்லை. அழ வேண்டியதை எல்லாம் குறை வைக்காமல் அழுது முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது வஞ்சம். அதையும் தீர்த்துக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். அலோர் ஸ்டார் ஊர் முழுக்கப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை.

சுண்டக்கறி ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எப்படி மறக்கும்! தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லூனாஸ் ரப்பர் தோட்டத்தில் விசேஷத்துக்கு மறுநாள் தொழிலாளர் லயத்தில் எல்லா வீடுகளிலும் அதுதான். முந்தின நாள் மீந்த சாம்பார், கூட்டு, பொரியல், வடை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி, தீயைக் குறைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்ட விடுவார்கள். எது கத்தரிக்காய், எது பூசணிக்காய் என்று தெரியாது. ஆனால் விசேஷத்தன்று கிடைக்காத ருசி அதில் கிடைக்கும். பிள்ளைகள் நாங்கள் பொங்கலுக்குக் காத்திருந்ததைவிட மறுநாள் சட்டிக்குக் காத்திருந்ததுதான் அதிகம்.

நீங்கள் அலோர் ஸ்டார் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மூன்று வேளையும் புதுச் சமையல் வேண்டும். மதியம் வைத்த ரசம் இரவில் தட்டுக்கு வந்தால் முகம் கோணிப் போகும். பழசைத் தின்ன நான் என்ன தோட்டத்தானா என்று கேட்பீர்கள், தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டு. இத்தனைக்கும் கடையில் முந்தாநாள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் தெளித்து, காலையில்தான் வந்தது என்று கூசாமல் விற்ற வாய் அது. கடை அடைத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக ஐஸ் பெட்டியைத் திறந்து, எந்த மங்குக் கிண்ணத்தில் எதை மூடி வைத்திருக்கிறேன் என்று பார்ப்பீர்கள். கஸ்டம்ஸ் ஆபீசர் கெட்டார்.

ஒரு தடவை ஏமாற்றிப் பார்த்தேன். நேற்றைய சாம்பாரில் புதுசாகத் தாளித்துக் கொட்டி, கொத்துமல்லி தூவி வைத்தேன். முதல் வாயிலேயே 'இது நேத்து' என்றீர்கள். அந்த நாக்கை என்ன செய்வது?

நம் கல்யாணம் ஆன முதல் பொங்கலுக்கு வருகிறேன். அப்போது நாம் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் குடியிருந்தோம். பொங்கலுக்கு மறுநாள் எங்கப்பா லூனாஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். விடிகாலையில் பால்மரம் வெட்டி முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மகள் வீட்டில் அவருக்கு அது முதல் சாப்பாடு. அவருக்குப் பிடிக்குமே என்று சுண்டக்கறி வைத்தேன். உங்களுக்கென்று தனியாகப் புதுச் சமையல் செய்து மூடி வைத்துவிட்டுத்தான் வைத்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பா கை கழுவி, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றில் குழி செய்து கறிக்காகக் காத்திருந்தார்.

நீங்கள் கடையிலிருந்து உள்ளே வந்தீர்கள். சட்டியை எட்டிப் பார்த்தீர்கள். "என் வீட்டுல எச்சப் பண்டம் வேகாது" என்று சொல்லி, துணியைப் போட்டுச் சட்டியைத் தூக்கிப் போய் வாசலுக்கு முன்னால் ஓடும் லோங்காங்கில் கவிழ்த்தீர்கள். அந்தச் சாக்கடைத் தண்ணீரில் முருங்கைக்காய்த் துண்டுகள் மிதந்து போனதை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். ருக்குமணி அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். வாசற்படியில் நின்று களுக்கென்று சிரித்தாள்.

அப்பா எழுந்து போய் மறுபடியும் கை கழுவினார், சாப்பிடாத கையை. "கடைசி பஸ்ஸ விட்டுருவேன், பாப்பா" என்றார். நட்ட நடு மத்தியானத்தில் எந்தக் கடைசி பஸ்? அதற்குப் பிறகு அவர் நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நம் மகள் மலர்விழி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார். அவர் சாவுக்கு வந்தீர்கள், பெரிய மாலையாகப் போட்டீர்கள். அன்றைக்குத் தப்புப் பண்ணிவிட்டேன் மாமா என்று ஒரு வார்த்தை, அந்தச் சவப்பெட்டியைப் பார்த்தாவது சொன்னீர்களா?

நான் அதை எடுத்தபோதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லுவாய் என்று கேட்டீர்கள். சாகும்வரை சொல்வேன் என்றேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

கெட்ட மனிதர் என்று உங்களைச் சொல்ல மாட்டேன். கை நீட்டியதில்லை. டுரியான் காலத்தில் முதல் பழத்தை உடைத்தால் முதல் சுளை என் கைக்குத்தான் வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். அதனால்தான் ஆத்திரம் ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே தலைமுழுகிவிட்டு லூனாஸுக்குப் போயிருப்பேன்.

சரி, வீட்டுச் செய்தி. பிறகு நாம் குடிவந்த மெர்கோங் வீடு அப்படியேதான் இருக்கிறது. கடையை வாடகைக்கு விட்டாயிற்று. நீங்கள் அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். மலர்விழி கூலிம் தொழிற்சாலையில்தான் இருக்கிறாள், விடுமுறைக்கு வந்துவிடுவாள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். நேற்றைய தோசையைச் சூடு காட்டிச் சீனி தொட்டுத் தின்கிறேன். பழைய சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து பொரித்த நெத்திலியைக் கடித்துக்கொள்கிறேன். பாதி டின் சார்டினைச் சம்பல் போட்டு, மீந்ததை மறுநாள் ரொட்டிக்குள் வைத்து, டிவி பார்த்துக்கொண்டே நின்றபடி சாப்பிடுகிறேன். எவ்வளவு ருசி தெரியுமா? ஐஸ் பெட்டியைத் திறந்து கணக்குக் கேட்க இப்போது யாரும் இல்லை.

நிம்மதி கெட்டது அமாவாசைகளில்தான். ருக்குமணி விடிந்ததும் வந்து நிற்பாள். எல்லாம் அன்றைக்கு வாங்கி அன்றைக்கே சமைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு கூடாது. படைக்கும் முன் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. நானும் இடுப்பு ஒடியச் செய்தேன். உங்கள் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, பின்வாசல் மதில்மேல் காக்காவுக்கு வைத்தோம். காக்கா வாய் வைத்தால்தான் நாங்கள் சாப்பாட்டில் கை வைக்கலாம்.

காக்கா வரவில்லை. ஒரு அமாவாசைக்கும் வரவில்லை. மின்கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும், பறந்து போய்விடும். பக்கத்து வீட்டுப் பூனைதான் ஏறி வந்து பாயசத்தை நக்கியது. சோறு ஆறி, பசி அடங்கி, இனிப்பு நீர் வியாதிக்காரி ருக்குமணிக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, உங்கள் படத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு கை சாப்பிடுவோம். மீந்து கிடப்பதைக் குப்பையில் போட விட மாட்டாள், படையல் சாப்பாடாம். தன் வீட்டுக்கும் எடுத்துப் போக மாட்டாள், பழசாம். நான் காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்து ஃபிரீசரில் தள்ளிவிட்டு, அதோடு மறந்துபோவேன்.

திதிக்கு முந்தின அமாவாசையன்று அவள் வாய் விட்டே சொல்லிவிட்டாள். "அண்ணனுக்கு என்னமோ மனக்குறை, அண்ணி. உங்க கையால வாங்க மாட்டேங்கிறாரு. திதிக்கும் காக்கா எடுக்கலன்னா படத்த எங்க வீட்டுக்குக் கொண்டு போயிடறேன் லா. இனிமே எல்லாம் அங்கயே பாத்துக்கலாம்."

கடைசி ஆறேழு மாதம் உங்களைத் தூக்கி உட்கார வைத்தவள் நான், துடைத்து விட்டவள் நான். கை சரியில்லையாம், வாங்க மாட்டீர்களாம். எனக்கும் உங்களுக்கும் பேசித் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. படத்தையும் கொண்டு போய்விட்டால் அப்புறம் நான் யாரோடு சண்டை போடுவது?

திதிக்கு வேண்டிய காய்கறி எல்லாம் முதல் நாள் மாலையே வாங்கி வைத்தேன். ருக்குமணிக்குத் தெரிய வேண்டாம் என்று மலர்விழியிடம் சொன்னேன், அவளும் லீவு போட்டு வந்திருந்தாள். காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனால் காலெல்லாம் தண்ணீர். நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எங்கள் குடியிருப்புத் தாமான் முழுக்க மின்சாரம் போயிருக்கிறது. ஃபிரீசர் உருகி வழிந்துகொண்டிருந்தது. குனிந்து திறந்தேன். உங்கள் அமாவாசை எல்லாம் டப்பா டப்பாவாக உள்ளே அடுக்கியிருந்தது.

முருங்கைக்காய்ச் சாம்பார், கத்தரிக்காய்ப் புளிக்கறி, பூசணிக் கூட்டு, வாழைக்காய் வறுவல், முட்டைக்கோஸ் பொரியல், சோயாவில் செய்கிற சைவ ஆட்டிறைச்சிப் பிரட்டல், உளுந்து வடை. ஓரம் இளகியிருந்தாலும் நடுவில் கல்லாக உறைந்திருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது. மலர்விழி துணியால் தண்ணீரை ஒற்றிக்கொண்டே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். படையல் சாப்பாட்டைத் தூக்கிப் போடக் கூடாதே. அது உங்கள் தங்கை போட்ட சட்டமாயிற்றே. நான் பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினேன். வாங்கி வைத்த புதுக்காய் கூடையோடு ஒரு மூலையில் கிடந்தது.

"மா, அத்தை பாத்தா தொலைஞ்சோம் லா" என்றாள் மலர்விழி. பார்க்கட்டும் என்றேன்.

கேஸ் அடுப்புக்கு மின்சாரம் எதற்கு? நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் கூடுதலாகப் பெருங்காயம். முதலில் புளிக்கறியை விட்டேன், அது கொதித்ததும் சாம்பார். பூசணிக் கூட்டு கரைந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தது. அதன் பிறகு பொரியலும் வறுவலும். சைவ ஆட்டிறைச்சி முரண்டு பிடித்தது, சுண்டச் சுண்டத்தான் மசாலையைக் குடித்து மெத்தென்று ஆனது. கடைசியில் வடைகளைப் பிய்த்துப் போட்டு, தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே நின்றேன். நிறம் கறுத்தது, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தது. இத்தனை கோபத்தோடு நான் என்றைக்கும் சமைத்ததில்லை. இத்தனை ருசியாகவும் சமைத்ததில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? உப்புப் பார்த்தேன். படைக்கும் முன்னால், உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். குறைவாக இருந்தது, போட்டேன். இன்னொரு தடவையும் பார்த்தேன். மலர்விழி பாதி உருகிய சேமியா பாயசத்தைக் கரண்டியால் சுரண்டி ஐஸ்கிரீம் மாதிரித் தின்றாள், எனக்கும் ஒரு வாய் ஊட்டினாள். ஏலக்காய் வாசமும் பல் கூச்சமும் சேர்ந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கூடத்துச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ருக்குமணி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள். உள்ளே வந்து இலையைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. சோறு, ஒரு கறி, அப்பளம், அவ்வளவுதான் இலையில். ஒரே கறியா என்று கேட்டாள். இன்றைக்கு இதுதான் என்றேன். அவள் உங்கள் படத்தைப் பார்த்தாள், பிறகு அது மாட்டியிருக்கும் ஆணியைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. படம் எப்படியும் தன் காரில் வரப்போகிறது என்ற தைரியம்.

தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினோம். நான் கும்பிட்டுக்கொண்டு மனசுக்குள் சொன்னது உங்களுக்குக் கேட்டதா? 'தின்னுங்க' என்றேன். வேறு ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

மதில்மேல் இலைத்துண்டை வைத்துவிட்டு மலர்விழி குரல் கொடுத்தாள். மின்கம்பியிலிருந்து ஒன்று இறங்கி, தள்ளி உட்கார்ந்தது. தத்தித் தத்தி வந்து வடைத்துண்டில் ஒரு கொத்துக் கொத்தியது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. அப்புறம் குனிந்த தலை நிமிரவே இல்லை. பங்குக்கு வந்த இன்னொரு காக்காவை இறக்கையால் அடித்து விரட்டியது. அது யாருடைய சுபாவம் என்று எனக்குத் தெரியாதா? கறி, சோறு எல்லாவற்றையும் வழித்துவிட்டு, இலையையும் இழுத்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் பறந்தது.

சுண்டக்கறி தின்றீர்கள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நேற்றையதுகூட இல்லை, பல மாதத்துக்கு முந்தையது. அந்த நாக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையே?

ருக்குமணி அண்ணன் வந்துட்டாரு, அண்ணன் வந்துட்டாரு என்று என் தோளில் விழுந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவள், இனிப்பு நீரை மறந்து சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். இந்தக் கைப்பக்குவத்தை இத்தனை மாதமாக எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் அண்ணி என்று குறைபட்டுக்கொண்டாள். விரலை நக்கியபடி, இது என்ன கறி என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

"சுண்டக்கறி" என்றேன். "நீ சொல்லிச் சொல்லி அமாவாசைக்கு அமாவாசை நான் ஆக்குனது. உங்கண்ணன் தொடாம விட்ட மிச்சம். எல்லாம் ஒரே சட்டியில."

வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றது. பழசு என்று சொல்ல முடியாது, அண்ணன் தின்றதைப் பழித்த மாதிரி ஆகும். அது அண்ணன் இல்லை, வெறும் காக்கா என்று சொல்லவும் முடியாது, அப்புறம் எதை வைத்துப் படத்தைக் கேட்பாள்? மலர்விழி தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினாள். நான் இன்னொரு கரண்டி எடுத்து ருக்குமணி இலையில் நிதானமாக விட்டேன். அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

அவள் கறியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு ராத்திரி அண்ணனும் சாப்பிடல, அண்ணி. கடையில போய்ச் சாக்கு மேல படுத்துக்கிட்டாரு."

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவளும் இத்தனை வருஷமாக மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் வெளியே எங்கேயோ வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கோபத்தில் கடையில் படுத்தீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எங்கப்பாவும் சாப்பிடல" என்றேன்.

அவள் இலையில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, கொஞ்சம் கறி கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று கேட்டாள். ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடி அழுத்திக் கொடுத்தேன்.

நீங்கள் அன்று பட்டினி கிடந்தீர்கள் என்று தெரிந்ததும் என் மனசு இளகியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் ஆடியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இளகவில்லை. சாப்பிடாமல் சாக்கில் புரண்ட மனிதருக்கு, மறுநாள் எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர லூனாஸ் அவ்வளவு தூரமா? உங்கள் வருத்தத்தை உங்களோடு வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அவருக்கு என்ன கிடைத்தது?

இனிமேல் நடக்கப் போவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் பெற்றவனுக்கு இலை போடும் வழக்கம் கிடையாது என்பார்கள். என் வீட்டில் உண்டு. எங்கப்பா படத்தை மலர்விழி பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாள். வருகிற அமாவாசைக்குக் கூடத்தில் இரண்டு இலை விழும். முதல் இலை அவருக்கு. சோற்றில் நானே குழி செய்து, சட்டியிலிருந்து சுடச்சுடச் சுண்டக்கறியை அது நிறையும்வரை விடுவேன். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவும்வரை நீங்கள் வெறும் இலைக்கு முன்னால் காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு உங்களுக்கும் வைப்பேன், பட்டினி போட மாட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு அமாவாசையும் தவறாமல், எங்கப்பா சாப்பிட்டு மீந்ததை உங்கள் இலையில் வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
லூனாஸ் முனியாண்டியின் மகள்,
உங்கள் மனைவி